கூரைக்குள் பூவரசு

கிள்ளையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பவானி அதைக் கவனிக்கவில்லை. வரும் வழியில் கெமிக்கல் கம்பெனிகள் நிறைந்த செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து சீட்டுப் பெண்மணி, "உனக்கு நாத்தம் அடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். அப்போதுதான் பவானி மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாற்றம் இருந்தது. ஆனால் அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

கணவன் எழிலன் போனதிலிருந்து இப்படித்தான்.

கொரோனா இரண்டாவது அலையில் போனான். ஆஸ்பத்திரிக்குள் நடந்துதான் போனான். பவானியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் முகத்தைக் காட்டவில்லை. காட்டக் கூடாது என்பதுதான் அன்றைய விதி. அதனாலோ என்னவோ, அவளுக்கு அழுகை வரவே இல்லை. "ஒரு தடவ அழுதுடுடி, நெஞ்சு வெடிச்சிடப் போவுது" என்று அம்மா கெஞ்சாத நாளில்லை. அவன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் அழுகை வந்துவிடும் என்று பவானி நினைத்தாள். யாரிடமும் சொல்லக்கூடிய ஆசையா அது? உள்ளேயே வைத்துக்கொண்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், வீடுகளுக்குப் பிளான் போட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் தேவசகாயம் குடையோடு காத்திருந்தார். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிச்சாவரம் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு விருந்தினர் இல்லம் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு.

"இங்க வர்றவன் ஏசி ரூமுக்கு வரலம்மா. காத்துக்கு வர்றான். அங்க ஒரு வீடு இருக்கறதே தெரியக்கூடாது. காட்டோட காடா இருக்கணும். முடியுமா உன்னால?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் தண்ணீரில் வேரூன்றிய சுரபுன்னைக் காடும் உப்பங்கழியும், மறு பக்கம் கடல். நடுவில் நாக்கு நீட்டியதுபோல ஒரு மணல் திட்டு. முன்பு அங்கே ஒரு மீனவர் குப்பம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கிள்ளைப் பக்கக் கரையில் காலனி கட்டிக் கொடுத்து எல்லோரையும் குடியேற்றிவிட்டது. திட்டில் மிச்சம் இருந்தவை ஓர் உறை கிணறும், சில பூவரச மரங்களும்தான். மரங்கள் ஒரு வரிசையில் நின்றன. ஆனால் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. நட்டு வைத்தது போலவும் இல்லை, தானாக முளைத்தது போலவும் இல்லை.

பவானிக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடு போடும் முன், அந்த இடத்தில் ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று எப்போது திசை மாறுகிறது, ஓதத்தின்போது தண்ணீர் எது வரை ஏறுகிறது என்று பார்ப்பாள். அன்றும் உட்கார்ந்தாள். பார்த்து முடித்ததும் வீடு மனதில் தானாக வந்து நின்றது. தண்ணீர் அடியில் போய் வரத் தோதாகக் குட்டைத் தூண்கள். அவற்றின் மேல் பலகைத் தரை. மண் பூச்சு பூசிய சுவர், நாட்டு ஓடு. சுரபுன்னையின் தலையைவிடக் கூரை உயரக்கூடாது. ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது.

சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்ட அன்றைக்கு மேஸ்திரி அருள்முருகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், பெரிய ரூமுக்கு நட்டநடுவுல இந்த மரம் வருது. இத எடுத்துட்டா ரூமு சதுரமா வந்துடும். மரத்துக்கு வூடு கட்றமா, மனுசனுக்குக் கட்றமா?"

"ரெண்டு பேருக்கும்தான் மேஸ்திரி."

"அப்ப மரத்துக்கிட்டயும் வாடக வாங்கிடச் சொல்லுங்க சார."

ஆட்கள் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த லோகநாயகி மட்டும் சிரிக்கவில்லை. காலனியிலிருந்து வந்து வேலையாட்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள். ஐம்பது வயது இருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பவானியிடம் வந்தாள்.

"அந்த மரத்த என்னாம்மா பண்ணப் போற?"

"ரூமுக்குள்ளயே வச்சுக்கப் போறேங்க்கா. அடிமரம் உள்ள இருக்கும், தழையெல்லாம் கூரைக்கு மேல."

"அப்ப அடியில மழ வுழாதா?"

"விழாது. கூரையில மரத்தச் சுத்தி ரப்பர் பட்டை கட்டிடுவோம். ஒரு சொட்டு எறங்காது. வேருக்கு வேணுங்கற தண்ணி கீழ மண்ணுல இருக்கு."

லோகநாயகி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இறுக்கமா கட்டச் சொல்லு" என்றாள் கடைசியில்.

மறுநாளிலிருந்து பவானியின் தட்டில் மட்டும் மீன் துண்டு பெரிதாக விழுந்தது. அருள்முருகன் அதை வைத்துக் கேலி செய்து மாளவில்லை. "அக்கா, செவுரு கட்றவன் நானு. மீனு மட்டும் படம் போட்றவுங்களுக்கா?"

மழைக்கு முன் வீடு முடிந்தது. தங்க வருகிறவர்களுக்குச் சமைக்க லோகநாயகியையே தேவசகாயம் வைத்துக்கொண்டார். பாதிரியார் ஜெபம் செய்தார். அவர் படகேறியதும் அருள்முருகன் பூசணிக்காய் உடைத்தார். படகிலிருந்து பார்த்தால் வீடு கண்ணுக்கே தட்டுப்படவில்லை. கிட்டே வந்த பிறகுதான் இலைகளுக்கு நடுவில் ஓடு தெரிந்தது. ஓதம் ஏறும்போது தரைக்கு அடியில் தண்ணீர் மெதுவாகப் பேசியது. வந்தவர்களெல்லாம் மர அறையில் போய் நின்று அந்த அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். பவானி செய்த வேலைகளிலேயே இதுதான் நல்ல வேலை. எழிலனிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்போடு வலி வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் தேவசகாயம் போன் செய்தார்.

"அம்மா, மர ரூமுல தரையெல்லாம் ஈரம். தொடைக்கத் தொடைக்க வருது. பாண்டிச்சேரியிலேர்ந்து வந்த புருசன் பொண்டாட்டி, பொழுது சாயறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. என்னான்னு கேட்டா வாய தொறக்கல."

"கூரை ஒழுகுதா சார்?"

"மழத் தண்ணின்னா பரவால்லியே. நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு."

பவானி போனாள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். ரப்பர் பட்டை அப்படியே இருந்தது, உள்பக்கம் தூசி படிந்து காய்ந்திருந்தது. தரைக்கு அடியில் குனிந்து போய்ப் பார்த்தாள். பலகையின் கீழ்ப்புறம் உலர்ந்திருந்தது. மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை. ஈரம் வாசலில் தொடங்கி மரத்தடியில் முடிந்தது.

தேவசகாயம் ஏதோ வேலையாகச் சிதம்பரம் கிளம்பிவிட்டார். பவானி மர அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். ஓர் இடத்தைப் புரிந்துகொள்ள அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மத்தியானம் கழிந்தது. மழை விட்டிருந்தது. தரைக்கு அடியில் நண்டுகள் சேற்றைக் கிளறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓதம் ஏறத் தொடங்கியதும் அது அடங்கியது. காட்டில் கொக்குகள் ஒரே நேரத்தில் கத்தி, ஒரே நேரத்தில் நிறுத்தின. வெளிச்சம் தேன் நிறத்துக்கு மாறியது. சேற்று வாடை பழகிப்போன அந்த அறையில் வேறொரு வாடை நுழைந்தது. பல நாள் மடித்துக் கிடந்த ஈர வலையின் வாடை.

வாசல்படியில் ஒரு பாதம் ஈரமாகப் பதிந்தது.

பாதம் மட்டும்தான். மேலே ஒன்றுமில்லை.

அடுத்தது பதிந்தது. அதற்கடுத்தது. அவசரமில்லாமல், வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவனின் நடை போல. மரத்தடிக்கு வந்ததும் சுவடுகள் நின்றன. இடுப்பு உயரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரோ கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் நுனி எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம்.

சொட்டு. சொட்டு.

ஜன்னல் வழியே வந்த கடைசி வெயில் மரத்தின் மேல் விழுந்தபோது அவள் பார்த்தாள்.

ஒரு முதுகு. கறுத்து, ஊறிப்போய், தோல் சுருங்கிய முதுகு. முகத்தை அடிமரத்தில் வைத்து அழுத்தியபடி, கண்ணாமூச்சி ஆட்டத்தில் எண்ணுகிறவன்போல அது நின்றது.

பயப்பட வேண்டும் என்று பவானிக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. திரும்பினால் அந்த முகம் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தாள்.

"சத்தம் போட்டுடாதம்மா."

வாசலில் லோகநாயகி நின்றாள். கையில் சோற்றுத் தட்டு. ஈரச் சுவடுகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, மரத்தடியில் தட்டை வைத்தாள். பிறகு பவானியின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"யாருக்கா?" என்று கேட்டாள் பவானி.

"எங்க வூட்டுக்காரரு."

சொட்டு விழும் சத்தம் நிற்கவில்லை.

"சுனாமியில போனவரு. ஒடம்பு கெடைக்கல. எங்க குப்பத்துல ஒரு வழக்கம். கடலு திருப்பித் தராதவுங்களுக்கு, அவுங்க கட்டின துணியப் பொதைச்சு அது மேல பூவரசங் கழி நட்டு வைப்போம். அந்தக் கழி தழைஞ்சுதுன்னா, போனவுங்க மனசு ஆறிடுச்சுன்னு அர்த்தம். ஆனா அதுக்கு மேல நெழலுக்கு ஒரு கீத்துகூடப் போடக் கூடாதும்பாங்க."

"போட்டா?"

"வூடுன்னு நெனச்சு வந்துடுவாங்களாம்."

பவானி அந்த முதுகைப் பார்த்தாள். "தெரிஞ்சும் என்கிட்ட சொல்லாம இருந்தீங்க."

"தெரிஞ்சுதான். நானா ஒரு கூரையப் போட்டிருந்தா ஊரு வுட்டிருக்குமா? நீ அந்த ரப்பரு பட்டையப் பத்திச் சொன்னப்ப எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. இருபது வருசமாச்சும்மா. மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா போதும்னு கெடந்தவ நானு."

"பாத்தீங்களா?"

லோகநாயகி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் திரும்பல. அன்னிக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் கடலுக்குப் போனவரு. எப்படிப் போனாரோ அப்படியேதான் வந்துருக்காரு. கூப்புட்டா கேக்கல. சோத்தத் தொடல. திரும்புவாரு. இல்லாட்டியும் எனக்கு முதுகு போதும்."

வெயில் மரத்தை விட்டு நகர்ந்தது. முதுகு தெரியாமல் போனது. சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

"என் வீட்டுக்காரர் முகத்த நானும் பாக்கலக்கா" என்றாள் பவானி. இதுவரை எவரிடமும் சொல்லாதது. "பிளாஸ்டிக்ல சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. தலையிலேர்ந்து கால் வரைக்கும். எந்தப் பக்கம் தலைன்னுகூடத் தெரியல. அப்படியே எரிச்சிட்டாங்க."

லோகநாயகி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பவானி என்ன கேட்கப் போகிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா. நீ அதக் கேக்காத."

மறுநாள் காலையில் தேவசகாயம் அருள்முருகனோடு வந்து இறங்கினார். படகில் ஒரு மரம் அறுக்கும் மெஷின் இருந்தது.

"மரத்த எடுத்துடலாம்மா. ஆசப்பட்டு வச்சோம், ஒத்து வரல. கர்த்தருக்கு இஷ்டமில்ல போல."

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம்" என்றார் அருள்முருகன். "வாடகையும் குடுக்கல, வூட்டையும் நனைச்சு வைக்குது."

சமையற்கட்டு வாசலில் லோகநாயகி கரண்டியோடு நின்றாள். அவள் பார்வை மெஷினை விட்டு நகரவில்லை.

பவானிக்குச் செய்ய வேண்டிய நியாயம் தெரியும். மரத்தைச் சுற்றி ஓட்டைப் பிரித்து வானத்துக்குத் திறந்துவிட்டால் போதும். ஒரு முற்றம் போல அழகாகக்கூட இருக்கும். ஒரு நாள் வேலை. வந்தவர் வந்த வழியே போய்விடுவார். அதை அவள் சொல்லவில்லை.

"மரம் வேர் வழியா உப்புத் தண்ணிய இழுத்து வெளிய விடுது சார். இப்ப வெட்டினா வேர் அழுகும், தூண் உள்வாங்கிடும். வீடே சாஞ்சிடும். இந்த ரூமை மட்டும் யாருக்கும் விடாதீங்க. பூட்டி வைங்க. அக்கா தினம் ஈரத்தத் தொடைச்சிடுவாங்க."

படித்த படிப்பு இத்தனை சரளமாகப் பொய்க்கு உதவும் என்று அவளுக்கே தெரியாது. தேவசகாயம் தூண்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சாவியை லோகநாயகியிடம் கொடுத்தார். அருள்முருகன் முனகிக்கொண்டே மெஷினைப் படகில் ஏற்றினார்.

பவானி படகேறும் முன் லோகநாயகி வந்தாள். முந்தானைக்குள் ஒரு கழியை மறைத்து வைத்திருந்தாள். முழங்கை நீளம். வெட்டிய இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"துணி இருக்குதா?"

"ஒரு லுங்கி இருக்கு."

"தொவைச்சுட்டியா?"

"இல்ல."

லோகநாயகி கழியைக் கொடுத்தாள். ஆனால் பிடியை விடவில்லை. "நீ எனக்குப் பண்ணதுக்குத்தான் தரேன். மனசு வந்து தரல. நல்லாக் கேட்டுக்க. நீ நெனச்சுக்கிட்டு இருக்கற மாதிரி வர மாட்டாரு. போன மாதிரிதான் வருவாரு."

"பரவால்லக்கா" என்றாள் பவானி.

கடலூரில் அவள் குடியிருந்தது ஒரு மாடி வீடு. புதிதாக வாங்கிய பெரிய மண்தொட்டியைக் கூடத்தில் வைத்து, லுங்கியை அடியில் மடித்து வைத்து மண்ணை நிரப்பிக் கழியை நட்டாள். மேலே காங்கிரீட் தளம். வானம் எட்டிப் பார்க்க ஒரு சந்தும் இல்லை.

கழி நாளெல்லாம் சும்மா நின்றது. ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் கூடத்துக்குப் போய் அதைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. எதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றி எவ்வளவு காலமாயிற்று! மார்கழியில் ஒரு கணுவில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. அது இதய வடிவத்தில் ஓர் இலையாக விரிந்த அன்று, சாயங்காலம், அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் ஒரு சரசரப்பு கேட்டது.

அது இலைச் சத்தம் இல்லை.

கெட்டியான பிளாஸ்டிக், நடக்கும்போது தன்னோடு தானே உரசும் சத்தம். கால்களைப் பிரிக்க முடியாமல், சின்னச் சின்னதாக எட்டு வைக்கும் சத்தம்.

சர். சர். சர்.

பவானி அடுப்பை அணைத்தாள். ஸ்பிரிட் வாடை சமையலறை வரைக்கும் வந்தது. அதை மூக்கு உணர்ந்தது. நெஞ்சு உணர்ந்தது. அவள் கூடத்து வாசலுக்கு வந்தாள்.

தொட்டியின் பக்கத்தில் வெள்ளையாக, உயரமாக, அது நின்றது. தலையும் காலும் ஒன்றுபோல இருந்தன. எழிலனின் உயரம்தான். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க எப்போதும் லேசாகக் குனிவானே, அந்தக் குனிவு.

"எழில்" என்றாள்.

அது அசையவில்லை.

கண்ணில் தண்ணீர் முட்டியது. இதற்காகத்தானே காத்திருந்தாள்? அவள் சட்டென்று திரும்பி, அலமாரி இழுப்பறையைத் திறந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் தள்ளித் தள்ளிக் கத்தரிக்கோலைத் தேடினாள். நூல் கண்டு, பேட்டரி, பழைய சாவி. கத்தரிக்கோல் அடியில் கிடந்தது. எடுத்தாள்.

பின்னால் சரசரப்பு மிக அருகில் வந்து நின்றது.

திரும்பினாள். சுற்றிய பிளாஸ்டிக்கில் கண் இல்லை, மூக்கு இல்லை. வாய் இருக்க வேண்டிய இடம் மட்டும் மெல்ல உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடி உள்ளே குழிந்தது.